சனிக்கிழமைத் தாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் 'தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படாத ஒரே ஆள் அவர்தான். டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள். நர்சுகள் நாங்கள் சொல்லப் பயப்படுவோம். பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவர்கள் தெரியாததையும் அடித்துச் சொல்வார்கள். அவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "தெரியலையே சிஸ்டர், நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்பார். கேட்ட நாங்கள் அன்று சாயங்காலமே மறந்துவிடுவோம். மறுநாள் காலை டியூட்டி மாறும் நேரத்துக்கு வார்டு வாசலில் வந்து நிற்பார், பதிலோடு.

அவர் எங்கள் லைப்ரரியன். ஆஸ்பத்திரிக்கு எதற்கு லைப்ரரி என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருக்கிறேன். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் இருந்த நடுத்தரமான ஆஸ்பத்திரி அது. தொடங்கியவர் ஒரு வயதான டாக்டர், எதையும் படித்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதக்காரர். அவர்தான் இரண்டாவது மாடியில், பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்தில், இவருக்கு ஓர் அறையும் கம்ப்யூட்டரும் கொடுத்து உட்காரவைத்தார். வெளிச்சம் வராத அறை. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் காத்துக் கிடக்கும்.

அங்கே உட்கார்ந்து அவர் செய்த வேலை ஒன்றுதான். மருத்துவத்தில் புதிதாக எது நிரூபணமாகியிருக்கிறது, பழையது எது பொய்யாகியிருக்கிறது, அரசாங்கம் என்ன உத்தரவு போட்டிருக்கிறது என்று வாரம் முழுக்கத் தேடுவார். சனிக்கிழமை காலையில் ஒரே தாளில் இரண்டு பக்கமும் அடித்து, ஒவ்வொரு வார்டாகப் போய் நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு வருவார். முன்பக்கம் வைத்தியம், பின்பக்கம் அரசாங்கம். ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் அது எங்கிருந்து எடுத்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். எங்களுக்காகத் தமிழிலும் எழுதுவார். ஆயாக்கள்கூட எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். ஏன் என்று கேட்டேன்.

"யாரு செலவு பண்ணி இந்த ஆராய்ச்சி நடந்துச்சுன்னு கடைசியிலதாம்மா போட்டிருப்பாங்க. மருந்து விக்கிறவனே மருந்தைப் பத்தி எழுதினா, கொஞ்சம் மெதுவாப் படிக்கணும்" என்றார்.

அரசு உத்தரவுகள் என்றால் இன்னும் பாடு. கோணல் மாணலாக ஸ்கேன் பண்ணி, பாதி எழுத்து அழிந்துபோய்த்தான் இணையத்தில் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் கோட்டைக்கே போன் போடுவார். ஒரு செக்ஷனிலிருந்து இன்னொரு செக்ஷனுக்கு மாற்றிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானதே ஒரு தகராறில்தான். தாளைக் குத்த வந்தவர், நான் ஒரு பெரியவரைத் திருப்பிப் போட்டு முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். மாதக்கணக்கில் படுத்தே இருந்தவர் அந்தப் பெரியவர். இடுப்பெலும்புக்கு மேலே சிவந்திருந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க அங்கேதான் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம்.

"சிவந்த இடத்துலயே ஏன் சிஸ்டர் தேய்க்கிறீங்க?"

"ரத்த ஓட்டத்துக்கு."

"எதுல போட்டிருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "நர்சிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தது. நீங்க நர்சா?"

"இல்ல. எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன். பாத்துட்டு வரேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் வந்தார். சிவந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஏற்கெனவே சதை அடிபட்டிருக்கும், தேய்த்தால் இன்னும் கெடும், தேய்க்கவே கூடாது, நேரம் தவறாமல் திருப்பிப் போடுவதுதான் முக்கியம் என்று கையிலிருந்த தாள்களில் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இடங்களிலிருந்து எடுத்துக் கொண்டுவந்திருந்தார். நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அம்மாவுக்குச் செய்தி போய், அவர் கொதித்துப்போய் வந்தார்.

"முப்பது வருஷமா நாங்க இதைத்தான் செய்யறோம். புக்கு அடுக்கறவங்க வந்து எங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேணாம்."

"முப்பது வருஷமா மேடம்? அதுல எத்தனை பேருக்குப் புண் வந்துச்சு, எத்தனை பேருக்கு வரலைன்னு எழுதி வச்சிருக்கீங்களா? இருந்தாக் குடுங்களேன். யாருமே அந்த மாதிரி எழுதி வைக்கறதில்ல. ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார் இவர்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். கண்ணில் அவ்வளவு ஆசை. சூப்பரின்டென்டன்ட் அம்மா திரும்பிப் போனார். ஒரு மாதத்தில் எங்கள் வார்டில் தேய்ப்பது நின்றது.

அன்று மத்தியானம் நான் அவர் அறைக்குப் போய் அழுதேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு பாட்டியம்மாவை இப்படித்தான் தினமும் தேய்த்தேன், புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. "நான்தானே அக்கா அவங்களைக் கெடுத்தேன்?" அவர் தன் டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் தயிர்சாதம் எடுத்துவைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

இன்னொரு சம்பவமும் ஞாபகம் இருக்கிறது. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா, கணவருக்கு இதய ஆபரேஷனுக்காக அரசு காப்பீட்டு அட்டையோடு வந்திருந்தார். அட்டையில் இருந்தது அவர்கள் முன்பு குடியிருந்த ஆற்றோரத்து விலாசம். அந்தக் குடிசைகளை இடித்துத்தான் இவர்களை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். விலாசம் மாறியதால் அட்டை செல்லாது என்றார் பில்லிங் ஆள். அந்த அம்மா லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து, "வூட்டையும் இட்சிட்டாங்கோ, இப்போ கார்டும் செல்லாதுன்றாங்கோ, நான் இன்னாதான் பண்றது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அந்த வழியாக வந்தவர், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மேலே போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஓர் உத்தரவின் நகலோடு கீழே இறங்கி வந்தார். விலாசம் மாறியதைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதில் இருந்தது.

பில்லிங் மேனேஜர், "மேடம், இதெல்லாம் உங்க வேலை இல்ல" என்றார்.

"ஆமா சார், உங்க வேலை" என்றார் அக்கா. அந்த ஆபரேஷன் நடந்தது.

இப்படியெல்லாம் சொன்னால் அவர் ஏதோ ஜெயித்துக்கொண்டே இருந்த மாதிரித் தோன்றும். இல்லை. பத்துத் தாள் போட்டால் ஒன்பதை யாரும் படிக்க மாட்டார்கள். அதன் மேலேயே பிறந்தநாள் விருந்து அறிவிப்பைக் குத்துவார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் அந்த அறிவிப்பைப் பத்திரமாக எடுத்துப் பக்கத்தில் குத்திவிட்டுத் தன் தாளை மாற்றுவார்.

கொரோனா இரண்டாவது அலையில் ஊரே ஓர் ஊசியின் பின்னால் ஓடியது. அது கிடைத்தால் பிழைத்துவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். எங்கள் டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்து, எங்கேயாவது வாங்கி வாருங்கள் என்று அனுப்புவார்கள். ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அக்கா தன் தாளில், இந்த ஊசி உயிரைக் காப்பாற்றுவதாக இதுவரை நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதி, எங்கிருந்து எடுத்தது என்பதையும் போட்டார். ஒரு பெரிய டாக்டர் அதைக் கிழித்தார். "ஜனங்க நம்பிக்கையில இருக்காங்க. அதைக் கெடுக்காதீங்க" என்று அவரிடம் கத்தினார்.

அடுத்த வாரம் அக்காவின் கணவரை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புலியூர் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பெண்ணைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவருடைய தம்பிகள் போனில் அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். படித்துப் படித்து, ஊசி வாங்காமல் அண்ணனைக் கொல்லப் பார்க்கிறாய் என்றார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மறுநாள் காலையில் அவரைக் காணோம். அதற்கு மறுநாளும் காணோம். ஊசிக்கு வரிசையில் நின்றிருக்கிறார், இரண்டு நாள்.

வாங்கிக்கொண்டு வந்தார். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நான்தான் அந்த ஊசியைப் போட்டேன். அப்படியும் அக்காவின் கணவர் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் அவர் கண்ணைத் திறந்தபோதெல்லாம், "எங்க அவ?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவரிடம், "ஏன்க்கா போய் நின்னீங்க? உங்களுக்குத்தான் தெரியுமே" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவர் கேட்டாரும்மா. 'எனக்கு மட்டும் ஏன் வாங்க மாட்டேங்கற'ன்னு கேட்டார்" என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டார். அந்தச் சனிக்கிழமைத் தாளிலும் அதே ஊசியைப் பற்றி அதே வரியை, ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருந்தார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் காலமானார். அவர் பிள்ளைகள் ஆஸ்பத்திரியை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு வந்தது, எங்களுக்குப் புது யூனிஃபார்ம் வந்தது. ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி, இனிமேல் மருத்துவச் செய்திகள் எல்லாம் உங்கள் செல்போனுக்கே வீடியோவாக வரும் என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். திரையில் ஒரு சத்து மாவைப் பற்றிய படம் ஓடியது. அதைக் குடித்தால் ஆபரேஷன் புண் சீக்கிரம் ஆறுமாம். எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் சார். இது எதுல போட்டிருக்கு?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். "எல்லாம் சைன்டிஃபிக்கா ப்ரூவ் ஆனதுதான் மேடம்."

"அதைத்தான் சார் கேக்கறேன். எதுல? நான் தேடிப் பாத்தேன், கிடைக்கல. இந்த வீடியோவுக்கு அந்த மாவு கம்பெனிக்காரங்கதான் செலவு பண்ணாங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடையில் இருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். இரண்டே மாதத்தில் லைப்ரரி இருந்த அறையை மருந்து ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அவர் தாளை நிறுத்தவில்லை. வீட்டில் பெண் வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்பில் தயாரித்து எங்களுக்கு மெயில் அனுப்பினார். வெளியிலிருந்து வரும் மெயில்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு வராதபடி நிர்வாகம் செய்தது. பிறகு சனிக்கிழமை தோறும் அவரே நேரில் கொண்டுவர ஆரம்பித்தார். வெளியாட்களின் பிரசுரங்களை வார்டில் வைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. எல்லோருக்கும் புரிந்தது.

அப்போது நான் இரண்டாவது மாடி சர்ஜரி வார்டின் இன்சார்ஜ். டெபுடி சூப்பரின்டென்டன்ட் பதவிக்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். குடையும் துணிப்பையுமாக அவர் செக்யூரிட்டி அண்ணனிடம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். முதல் இரண்டு வாரம் கீழே போய்ப் பார்த்தேன். மூன்றாவது வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்களுக்கு நல்ல ஃப்யூச்சர் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் போகவில்லை. ஒரு தடவை அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

செக்யூரிட்டி அண்ணன் முடிச்சூர்க்காரர், நல்ல மனுஷன். உள்ளே விடாவிட்டாலும் தாளை வாங்கி வைத்துக்கொள்வார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்.

போன வருட மழையில் ஒரு சனிக்கிழமை தாள் வரவில்லை. இரும்புலியூர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பஸ்சே ஓடாத நாள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு செக்யூரிட்டி அண்ணன் மாடிக்கு வந்தார்.

"சிஸ்டர், அந்த லைப்ரரியம்மா வந்துகீறாங்கோ. உன் கைலதான் குடுக்கணுமாம், அர்ஜென்ட்டாம். ஒரு நிமிசம் கீழ வந்துட்டுப் போ."

மேனேஜர் அப்போது வார்டுக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தார். "வேலையா இருக்கேன்னு சொல்லிடுங்கண்ணா" என்றேன். அண்ணன் மறுபடி கீழே போய், தாளை வாங்கிக்கொண்டு வந்தார். மேனேஜர் திரும்புவதற்குள் நாலாக மடித்து என் கைப்பைக்குள் போட்டேன். படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பெண்ணைக் குடல்வால் ஆபரேஷனுக்கு அனுப்பினோம். அனகாபுத்தூர்ப் பெண், இருபத்தாறு வயது, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். முந்தின நாள் வயிற்றுவலியோடு வந்து சேர்ந்தவள். பயத்தை மறைக்க, "சிஸ்டர், என் கிளாஸ் பசங்க மாதிரி நானும் அழுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டாள். தியேட்டருக்கு அனுப்புமுன் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசியை என் மேற்பார்வையில்தான் போட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்தடுத்த ஊசிகளும் போட்டோம். செவ்வாய்க்கிழமை கட்டில் ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. புதன்கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். சிறுநீர் நின்றுவிட்டது. என்ன காரணம் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் துழாவியபோது தாள் கையில் தட்டியது. பிரித்தேன். பின்பக்கத்தில், முதல் செய்தியாக, தடித்த எழுத்தில் இருந்தது. தரமில்லாத மருந்துகளின் அரசுப் பட்டியலில் வந்திருக்கும் ஒரு ஊசி, கம்பெனிப் பெயர், பேட்ச் எண். நுண்கிருமி கலந்திருக்கிறது, பயன்படுத்தாதீர்கள். அதற்குக் கீழே பேனாவால், "சிஸ்டர், உங்க வார்டு அலமாரியை இன்னிக்கே பாருங்க" என்று எழுதியிருந்தார்.

அலமாரியைப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே எண்.

மீதிக் குப்பிகளை மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவற்றை அவர் வாங்கிப் பூட்டிவைத்தார். அந்தப் பெண்ணுக்கு உடனே மருந்தை மாற்றினார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இறந்தாள். கணவனிடம், உடம்பில் ஏற்கெனவே தொற்று பரவியிருந்தது என்று சொன்னார்கள். திங்கட்கிழமை என் முன்னால் ஒரு காகிதம் வைத்தார்கள். மேற்படி மருந்தைப் பற்றி எந்த எச்சரிக்கையும் வார்டுக்கு வரவில்லை என்று டைப் அடித்திருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் செத்துப்போன செய்தி பழைய ஆயா ஒருவர் மூலமாக அக்காவுக்குப் போயிருக்கிறது. அன்று மத்தியானம் போன் வந்தது. மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தேன்.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு அந்த ஊசியா போட்டீங்க?"

"ஆமாக்கா."

"ஐயோ. போன திங்கட்கிழமை நான் குடுத்த தாள் உன் கைக்கு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா" என்றேன். அடுத்த வார்த்தை தானாக வந்தது. "ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே... ஞாயித்துக்கிழமை அட்மிஷன் ஆன உடனேயே ஊசியை ஆரம்பிச்சுட்டோம்க்கா."

என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். வேறு எதையும் நினைக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"சனிக்கிழமையே வந்திருக்கணும்" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை சாயங்காலமே லிஸ்ட்டைப் பாத்துட்டேன். உனக்குப் போன்லயாவது சொல்லியிருக்கலாம். நீ எடுக்க மாட்டேன்னு விட்டுட்டேன். மழையா இருக்கேன்னு வீட்டுலயே உக்காந்துட்டேம்மா. முட்டி வலிக்குதுன்னு உக்காந்துட்டேன்."

அப்போதுதான் என் பொய் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இல்லக்கா என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. எதிரே மேனேஜரின் அறைக் கதவு திறந்திருந்தது.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். எந்த மணிக்குப் போட்டீர்கள், கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் 'எதுல போட்டிருக்கு?' என்று கேட்கிறவர், என்னிடம் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தாள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. செக்யூரிட்டி அண்ணன், "இன்னா சிஸ்டர், அந்தம்மாவைக் காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். தெரியாதவள் போலத் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கணவன் சான்றிதழ் ஏதோ வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். கூரியர் கம்பெனியில் வேலை. சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு இளைத்திருந்தான். காகிதங்களில் கையெழுத்து வாங்க அவனை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். போன வாரம் வயசான அம்மா ஒருத்தங்க எங்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தாங்க. அனகாபுத்தூர்ல தெருத்தெருவா விசாரிச்சுக்கினு வந்திருக்காங்க. என் கையைப் புடிச்சுக்கினு, 'நான் ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா உன் சம்சாரம் பொழைச்சிருப்பா, என்னை மன்னிச்சுடுப்பா'ன்னு ஓன்னு அழுவறாங்க. இந்த ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவங்கன்னாங்க. ஊசியில ஏதோ கோளாறுன்னு, பேட்ச் நம்பரு அது இதுன்னு என்னென்னமோ சொன்னாங்க. போய்க் கேளுப்பா, உனக்குக் கேக்க உரிமை இருக்குன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. யாரு சிஸ்டர் அவங்க? நெசமாவா அது?"

வார்டில் மத்தியான சாப்பாடு வந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிச் சத்தம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், அவங்களுக்கு வீட்டுக்காரர் போனதுலருந்து மனசு சரியில்ல தம்பி" என்றேன். "அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்" என்றான் அவன். காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "டீ வாங்கிக் குடுத்து, ஆட்டோ புடிச்சு ஏத்தி அனுப்பிச்சேன். அந்த வயசுல அப்படி அழுவுறவங்களை நான் பாத்ததே இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுப் போனான்.